நமசிவாய: ஐந்தெழுத்தின் பிறப்பும் பொருளும்



கேமரன் மலையில் தமிழ் கற்பிக்கும் எனக்குப் படிவம் நான்கில் ஒரு மாணவி கேட்ட கேள்வியிலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது. அவள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அவளுடைய பாட்டி நாற்பது வருடத்துக்கு மேல் கூடை சுமந்து கொழுந்து பறித்தவர். இப்போது வயதாகி நினைவு தப்பிவிட்டது. பேத்தியின் பெயர்கூடச் சில நாள் ஞாபகத்துக்கு வருவதில்லை. ஆனால் சாயங்காலம் விளக்கு ஏற்றினால் மட்டும், யாரும் சொல்லிக்கொடுக்காமலே, “நமசிவாய, நமசிவாய” என்று வாய் முணுமுணுக்கிறதாம்.

“டீச்சர், பாட்டிக்கு அதோட அர்த்தம் தெரியாது. எனக்கும் தெரியாது. அர்த்தம் தெரியாம சொன்னா அதுக்கு மதிப்பு உண்டா?” என்று கேட்டாள்.

வகுப்பில் உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. “அடுத்த வாரம் சொல்றேன்மா” என்று சொல்லிவிட்டு வீட்டில் திருமுறையையும் சாத்திர நூல்களையும் எடுத்து வைத்துப் படித்தேன். அப்படிப் படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். இலக்கியம் படிக்கும் மாணவர்களுக்கும், பக்தி இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் பயன்படும் வகையில் படிப்படியாகப் பார்ப்போம். அந்த மாணவியின் கேள்விக்குக் கடைசியில் வருவோம்.

1. மந்திரம் என்றால் என்ன?

‘மந்திரம்’ வடசொல். மனத்தால் நினைத்தல் என்னும் பொருள் தரும் வேரிலிருந்து பிறந்தது. நினைப்பவரைக் காப்பது என்று மரபாகப் பொருள் சொல்வார்கள். பலர் ‘மந்திரம்’ என்றதும் மாயம், தந்திரம், தாயத்து என்று நினைத்துவிடுகிறார்கள். தமிழ் இலக்கண மரபு அப்படிச் சொல்லவில்லை.

தொல்காப்பியர் பொருளதிகாரத்துச் செய்யுளியலில் மந்திரத்துக்கு ஓர் இலக்கணம் வகுக்கிறார். சொன்னது நிறைவேறும் ஆற்றல் பெற்ற சான்றோர், தம் ஆணையால் வெளியிட்ட மறைபொருள் கொண்ட சொல்லே மந்திரம் என்பது அவர் கருத்து. திருவள்ளுவரும் நீத்தார் பெருமை அதிகாரத்தில், 28ஆம் குறளில், இதே கருத்தைத் தொடுகிறார். அத்தகைய பெரியோரின் பெருமையை அவர்கள் விட்டுச்சென்ற மறைமொழிகளே உலகுக்குக் காட்டிவிடும் என்கிறார்.

இங்கே கவனியுங்க. இரு நூல்களிலும் மந்திரத்தின் மதிப்பு, அதைச் சொன்னவரின் வாழ்க்கையோடு சேர்த்தே பேசப்படுகிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

2. சொல்லைப் பிரித்துப் பார்ப்போம்

தமிழாசிரியருக்குச் சொல்லைப் பிரிக்காமல் தூக்கம் வராது! எனவே இலக்கணத்திலிருந்தே தொடங்குவோம்.

‘நமஃ’ என்றால் வணக்கம். வளைதல், குனிதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்தது. நாம் சொல்லும் ‘நமஸ்காரம்’ இதே குடும்பத்துச் சொல். ‘சிவாய’ என்றால் சிவனுக்கு. நம் இலக்கணப்படி சொன்னால் நான்காம் வேற்றுமை. தமிழில் ‘கு’ உருபு செய்யும் வேலையை வடமொழியில் ‘ஆய’ என்னும் ஈறு செய்கிறது. ஆகவே ‘நமசிவாய’ என்றால் ‘சிவனுக்கு வணக்கம்’. அவ்வளவுதான் நேர்ப்பொருள். ‘சிவ’ என்ற சொல்லுக்கு மங்களம், நன்மை என்று பொருள். நன்மையே வடிவானதன் முன் தலை வணங்குகிறேன் என்று விரித்துச் சொல்லலாம்.

அப்படியானால் ‘நமச்சிவாய’ என்று ஏன் எழுதுகிறோம்? தேவாரப் பதிப்புகளில் ‘ச்’ இருக்கிறது. கோயில் சுவரில் ‘ச்’ இல்லை. மாணவர்கள் அடிக்கடி கேட்கும் சந்தேகம் இது. இரண்டும் சரியே. ‘நமஃ’ என்பதன் ஈற்றொலி, ‘சிவாய’ என்பதன் முதல் ஒலியோடு சேரும்போது அந்த ஒலியாகவே மாறி இரட்டிக்கிறது. நமஃ + சிவாய = நமச்சிவாய. இது வடமொழிச் சந்தி. தமிழின் வலி மிகுதல் போலத் தோன்றினாலும் காரணம் வேறு.

“டீச்சர், ச் சேர்த்தா ஆறு எழுத்து ஆகுதே?” என்று ஒரு பையன் விரல் விட்டு எண்ணிக் கேட்டான். நல்ல கேள்வி! வடமொழியில் எழுத்து என்பது அசையைக் குறிக்கும். தனி மெய் கணக்கில் வராது. நம் யாப்பிலும் கட்டளைக் கலித்துறையில் எழுத்து எண்ணும்போது ஒற்றை நீக்கித்தானே எண்ணுகிறோம்? அதே முறைதான். ந, ம, சி, வா, ய என ஐந்து.

இந்த மந்திரத்தின் பெயர்களையும் புணர்ச்சி விதியோடு தெரிந்துகொள்ளுங்கள்.

அ) ஐந்து + எழுத்து = ஐந்தெழுத்து. ‘ஐந்து’ மென்தொடர்க் குற்றியலுகரம். உயிர் வந்ததும் உகரம் கெட்டு, நின்ற மெய்யோடு உயிர் சேர்ந்தது.

ஆ) திரு + ஐந்தெழுத்து = திருவைந்தெழுத்து. ‘திரு’வின் ஈறு இடையின மெய்மேல் ஏறிய உகரம், ஆகவே முற்றியலுகரம். அது கெடவில்லை, வகர உடம்படுமெய் வந்தது.

இ) பஞ்ச + அட்சரம் = பஞ்சாட்சரம். இரண்டு அகரம் சேர்ந்து ஆகாரம் ஆன வடமொழித் தீர்க்கசந்தி. ‘பஞ்சாக்கரம்’ என்பது இதன் தமிழ் வடிவம்.

‘ஓம்’ சேர்த்து ‘ஓம் நமசிவாய’ என்று சொல்லும்போது பிரணவத்தோடு ஆறெழுத்தாகிவிடும். ஆனால் ‘ஆறெழுத்து’ என்று தமிழ்நூல் சொன்னால் பெரும்பாலும் முருகனின் ‘சரவணபவ’. ‘எட்டெழுத்து’ என்றால் திருமாலுக்குரிய ‘ஓம் நமோ நாராயணாய’. தேர்வில் மாற்றி எழுதிவிடாதீர்கள்.

3. எங்கே பிறந்தது?

இந்தச் சொற்கள் காணப்படும் மிகப் பழைய இடம் யசுர் வேதம். கிருஷ்ண யசுர் வேதத்துத் தைத்திரீய சம்கிதையில் ஸ்ரீருத்ரம் என்னும் பகுதி இருக்கிறது. அதில் எட்டாம் அனுவாகத்தில்தான் ‘நமஃ சிவாய’ வருகிறது. மங்களமானவனுக்கு வணக்கம், அதனினும் மங்களமானவனுக்கு வணக்கம் என்ற கருத்தில் அந்தத் தொடர் அமைந்துள்ளது.

சைவப் பெரியோர் இதற்கு அழகான ஒரு விளக்கம் சொல்வார்கள். முதல் மூன்று வேதங்களில் நடுவில் இருப்பது யசுர். தைத்திரீய சம்கிதையில் ஏழு காண்டங்கள். நடுவில் இருக்கும் நான்காம் காண்டத்தில்தான் ஸ்ரீருத்ரம். அதற்குள்ளே இந்த ஐந்தெழுத்து. பழத்தின் நடுவே விதை போல, வேதத்தின் நடுவே ஐந்தெழுத்து என்பது அவர்கள் கருத்து.

ஒரு வரலாற்றுச் செய்தியும் தேவை. ரிக் வேதத்தில் ‘சிவ’ என்பது தனிக் கடவுளின் பெயராக நிலைபெறவில்லை. ‘மங்களமான’ என்னும் அடைமொழியாகவே வருகிறது. ருத்திரன் என்பதே அங்கே பெயர். நம் சங்கப் பாடல்களிலும் ‘சிவன்’ என்ற பெயர் காணப்படுவதில்லை. முக்கண்ணன், நீலமணிமிடற்றன், ஆலமர் செல்வன் என்பன போன்ற பெயர்களால்தான் புலவர்கள் அப்பெருமானைக் குறிக்கிறார்கள். அப்படி அடைமொழியாக இருந்த ஒரு சொல், தமிழ் மண்ணில் தெருவெங்கும் பாடும் பெயரானது எப்போது? அதுதான் அடுத்த கட்டம்.

4. தேவார முதலிகள் செய்த பெரிய காரியம்

வேதம் ஓதுவதற்குப் பழைய தர்மசாத்திரங்கள் எல்லாரையும் அனுமதிக்கவில்லை. இன்ன குலத்தார், இன்ன முறையில்தான் ஓதலாம் என்று வேலி போட்டிருந்தார்கள். பக்தி இயக்கம் வளர்ந்த காலத்தில், வேதத்தின் நடுவிலிருந்த இந்தச் சொல்லை எடுத்துத் தமிழ்ப் பண்ணில் வைத்துப் பாடினார்கள் நாயன்மார்கள். ஒரு பெரிய கதவு திறந்தது.

திருஞானசம்பந்தர் இரண்டு பதிகம் பாடியிருக்கிறார். இரண்டும் மூன்றாம் திருமுறையில் உள்ளன. ஒன்று பஞ்சாக்கரத் திருப்பதிகம். சீகாழியில் அவருக்குப் பூணூல் சடங்கு நடந்தபோது, எல்லா மந்திரத்துக்கும் மூலம் ஐந்தெழுத்தே என்று உணர்த்தப் பாடியது எனப் பெரியபுராணம் கூறுகிறது. மற்றொன்று நமச்சிவாயத் திருப்பதிகம். நல்லூர்ப்பெருமணத்தில், தம் திருமணத்தன்று சோதியில் கலக்கும் நேரத்தில் பாடியது. வாழ்க்கையின் தொடக்கச் சடங்கில் ஒன்று, முடிவில் ஒன்று. இந்தக் குறிப்பை நினைவில் வைத்தால் இரண்டையும் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள்.

இரண்டாவது பதிகத்தில் சம்பந்தர் இரண்டு முக்கியமான செய்திகளைச் சொல்கிறார். நான்கு வேதத்திலும் உண்மைப் பொருளாக இருப்பது இந்தப் பெயர் என்கிறார். அடுத்து, கொலை செய்யும் கொடியவரானாலும், நல்ல குணம் எதுவும் இல்லாதவரானாலும், இதைச் சொன்னால் தீமையிலிருந்து நீங்குவர் என்கிறார். குலத் தகுதி மட்டுமல்ல, குணத் தகுதிகூட முன்நிபந்தனை இல்லை என்பது எவ்வளவு துணிவான பேச்சு, பாருங்க!

திருநாவுக்கரசரின் நமச்சிவாயப் பதிகம் நான்காம் திருமுறையில் உள்ளது. பெரியபுராணத்தின்படி, பல்லவ மன்னன் ஆணையால் அவரைக் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளினார்கள். அப்போது பாடிய பதிகம் இது. கல் மிதந்து திருப்பாதிரிப்புலியூரில், அதாவது இன்றைய கடலூரில், கரை சேர்ந்ததாகச் சேக்கிழார் பாடுகிறார்.

இலக்கிய மாணவர்கள் இந்தப் பதிகத்தின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். பூவுக்கு அணி எது, பசுவுக்கு அணி எது, அரசனுக்கு அணி எது என்று வரிசையாகச் சொல்லி, நாவுக்கு அணி ஐந்தெழுத்து என்று முடிக்கிறார். அரசனுக்கு அணி கோணாத நீதி என்கிறார். தண்டனை கொடுத்தவன் அரசன். பாடுகிறவர் கடலில் கிடக்கிறார். அந்த நிலையிலும் திட்டவில்லை. நீதி எது என்பதை மட்டும் சொல்கிறார். இன்னொரு பாடலில் வீட்டு விளக்கு இருளைப் போக்கும் என்று தொடங்கி, உள்ளத்து விளக்கு ஐந்தெழுத்து என்று உயர்த்துகிறார். தெரிந்த பொருளிலிருந்து தெரியாத பொருளுக்கு அழைத்துப் போகும் முறை இது. நாம் வகுப்பில் செய்வதும் அதுதானே?

சுந்தரர் ஏழாம் திருமுறையில், காவிரிக் கரைத் திருப்பாண்டிக்கொடுமுடியில் ஒரு நமச்சிவாயப் பதிகம் பாடினார். அதைக் கடைசியில் பார்ப்போம்.

மாணிக்கவாசகரின் திருவாசகம் எட்டாம் திருமுறை. 51 பகுதிகள் கொண்டது. அதன் முதல் பகுதியான சிவபுராணம் 95 அடிகள் உடையது. முதல் சொல்லே ஐந்தெழுத்துதான். நம் நாட்டில் இறப்பு வீட்டில் சிவபுராணம் பாடக் கேட்டிருப்பீர்கள். திருமூலரின் திருமந்திரம் பத்தாம் திருமுறை. அதிலும் ஐந்தெழுத்தைப் பற்றி விரிவான விளக்கம் உண்டு.

பன்னிரண்டாம் திருமுறையான பெரியபுராணத்தில் ஆனாய நாயனார் வரலாறு தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். அவர் மாடு மேய்ப்பவர். வேதம் ஓதவில்லை, பதிகம் பாடவில்லை. பூத்து நின்ற கொன்றை மரத்தைப் பார்த்துச் சிவ நினைவு வந்து, ஐந்தெழுத்தைப் புல்லாங்குழலில் வாசித்தார். பால் குடித்த கன்றுகளும் அப்படியே நின்றுவிட்டன என்கிறார் சேக்கிழார். அதே நூலில் உருத்திர பசுபதி நாயனார் குளத்து நீரில் நின்று ஸ்ரீருத்ரம் ஓதி வீடுபேறு அடைந்தார். வேதம் ஓதியவரும் நாயனார், குழல் வாசித்த இடையரும் நாயனார். இருவருக்கும் ஒரே இடம்.

இதோடு ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முறைப்படி செபம் செய்ய விரும்புபவர் குருவிடம் தீட்சை பெற்றே ஐந்தெழுத்தை ஓத வேண்டும் என்பது சைவ ஆசார மரபு. அன்போடு பாடவும் நினைக்கவும் யாருக்கும் தடையில்லை என்பது பதிகங்கள் காட்டும் நெறி. கட்டுரையில் இரண்டையும் எழுதுங்கள். ஒன்றை மறைத்து மற்றொன்றை மட்டும் எழுதினால் பாதி உண்மைதான் ஆகும்.

5. ஐந்து எழுத்துக்கு ஐந்து பொருள்

‘சிவனுக்கு வணக்கம்’ என்ற நேர்ப்பொருளுக்கு மேலே, ஒவ்வோர் எழுத்துக்கும் தனிப்பொருள் சொன்னது சைவ சித்தாந்தம். இதற்கு அடிப்படை நூல்கள் மெய்கண்ட சாத்திரங்கள் பதினான்கு. அவற்றில் மனவாசகங்கடந்தார் இயற்றிய உண்மை விளக்கமும், உமாபதி சிவாசாரியார் இயற்றிய திருவருட்பயனும் ஐந்தெழுத்தை விளக்குகின்றன. திருவருட்பயன் குறள் வெண்பாவில் அமைந்தது. பத்து அதிகாரம், நூறு குறள்.

பொருள் வருமாறு:

ந – மறைப்பாற்றல் (திரோதம்)
ம – ஆணவ மலம்
சி – சிவன்
வா – அருள்
ய – உயிர்

சிவன், அருள், உயிர் ஆகியவை மாணவர்களுக்கு எளிதில் புரியும். மற்ற இரண்டில்தான் தடுமாற்றம்.

ஆணவம் என்றால் திமிர் மட்டுமல்ல. உயிரின் அறிவை மறைத்து, ‘நான்’, ‘எனது’ என்று நினைக்கவைக்கும் இருள் அது. செம்போடு களிம்பு பிறப்பிலேயே இருப்பதுபோல உயிரோடு ஆணவம் இருக்கிறது என்று சாத்திரம் உவமை சொல்லும்.

திரோதம் என்பது இறைவனே தன்னை மறைத்துக்கொண்டு உயிரை உலக அனுபவத்தில் ஈடுபடுத்தும் ஆற்றல். மறைப்பது எப்படி அருளாகும்? எங்கள் தோட்டத்து நாற்றுமேடையைக் காட்டி விளக்குவேன். தேயிலை நாற்றை ஆரம்பத்திலேயே முழு வெயிலில் வைக்க மாட்டார்கள். மேலே நிழல்வலை கட்டுவார்கள். செடி வளர்ந்து திடமானதும் நிழலைக் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைத்து வெயிலுக்குப் பழக்குவார்கள். வெயில் செடிக்குப் பகையா? இல்லை. ஆனால் பக்குவம் வரும்வரை மறைப்பு வேண்டும். திரோதமும் அப்படித்தான். “இப்ப புரியுது டீச்சர்” என்று பிள்ளைகள் சொல்வார்கள். அவர்களில் சிலரின் பெற்றோர் நாற்றுமேடையில் வேலை செய்தவர்களாயிற்றே!

இப்போது எழுத்துகளின் வரிசையைப் பார்ப்போம். இதுதான் சித்தாந்த விளக்கத்தின் உயிர்.

நமசிவாய: ‘ந’, ‘ம’ முன்னே நிற்கின்றன. மறைப்பும் மலமும் முன்னிற்க வாழும் உலகியல் நிலை. இதைத் தூல ஐந்தெழுத்து என்பர்.

சிவாயநம: ‘சி’, ‘வா’ முன்னே வந்துவிட்டன. சிவனும் அருளும் முன்னிற்க, மறைப்பும் மலமும் பின்னே தள்ளப்பட்ட நிலை. இது சூக்கும ஐந்தெழுத்து. வீடுபேற்றை நாடுபவர்க்கு உரியது. ‘சிவயநம’ என்று குறிலாகவும் ஓதுவர்.

சிவாயசிவ: ‘ந’, ‘ம’ முற்றிலும் நீங்கி, உயிரின் இருபுறமும் சிவமும் அருளுமே நிற்கும் நிலை. இது அதிசூக்கும ஐந்தெழுத்து.

‘சிவாயநம’ என்பதைக் கரும்பலகையில் எழுதி ‘ய’வைச் சுற்றி வட்டம் போடுங்கள். சரியாக நடுவில் இருக்கும். ஒரு பக்கம் சி, வா. மறுபக்கம் ந, ம. உயிர் எந்தப் பக்கம் சாய்கிறதோ அதுவே அதன் வாழ்க்கை. உமாபதி சிவம் இதை இரண்டு நடனங்களாகச் சொல்கிறார்: ஒருபக்கம் பிறவியில் ஆட்டும் நடனம், மறுபக்கம் ஞானத்தில் ஆட்டும் நடனம், நடுவே உயிர். மாணவர்களுக்கு இது நன்றாகப் புரியும். எந்தப் பக்கம் சாய்வது என்று தினமும் முடிவெடுக்கும் வயதில்தானே அவர்கள் இருக்கிறார்கள்!

6. நடராசர் உருவில் ஐந்தெழுத்து

பல வீட்டுப் பூசை அறையிலும் நடராசர் படம் இருக்கும். அதையே பாடத்துணைப் பொருளாகப் பயன்படுத்தலாம். உண்மை விளக்கம் தரும் முறை இது:

உடுக்கை ஏந்திய கை – சி
வீசிய கை – வா
அஞ்சேல் என்று காட்டும் கை – ய
தீ ஏந்திய கை – ந
திருவடியின் கீழ்க் கிடக்கும் முயலகன் – ம

முயலகன்தான் ஆணவம். அவன் இறக்கவில்லை, பாருங்க, அடங்கிக் கிடக்கிறான். ஆணவ மலம் அழிவதில்லை, அதன் வலிமைதான் அடங்கும் என்பது சித்தாந்தக் கொள்கை. அதை ஒரு சிற்பம் எவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறது!

இதே உருவத்தில் ஐந்தொழிலையும் காணலாம். உடுக்கை படைத்தல், அஞ்சேல் காட்டும் கை காத்தல், தீ அழித்தல், ஊன்றிய அடி மறைத்தல், தூக்கிய அடி அருளல். ஐந்தெழுத்தையும் ஐந்தொழிலையும் ஒரே அட்டவணையில் எழுதச் சொல்லிப் பயிற்சி கொடுங்கள். இரண்டும் ஒன்றோடொன்று குழம்பாது.

7. மலைமேல் வந்த ஐந்தெழுத்து

1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அந்தக் காலம் தொட்டுக் காடு வெட்டி, செடி நட்டு, கொழுந்து பறித்தவர்களில் பெரும்பகுதியினர் தமிழர். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில், குளிரில், லயத்து வீடுகளில் வாழ்ந்தார்கள். கையில் ஏடு இல்லை. நினைவில் சாமி பெயர் இருந்தது.

தோட்டங்களில் அவர்கள் கட்டியவை பெரும்பாலும் மாரியம்மன், முருகன், முனீஸ்வரர் கோயில்கள். சிவன் கோயில் அரிது. ஆனால் நமசிவாய எல்லாக் கோயிலிலும் ஒலித்தது. திருநீறு பூசும்போது சொன்னார்கள். பெரட்டுக்குப் போகும் விடியலில் சொன்னார்கள். சாவு வீட்டில் சிவபுராணமாகக் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சமய வகுப்புகளும், மலேசிய இந்து சங்கம் நடத்தும் திருமுறை ஓதும் விழாவும் பிறகு அதைப் பிள்ளைகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தன.

இன்று நிலைமை மாறிவிட்டது. தோட்டத்தில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். பல சரிவுகளில் கையால் பறிப்பது போய்க் கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. நம் பிள்ளைகள் படித்து ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போகிறார்கள். அது நல்லதுதான், அதற்காகத்தானே பாட்டிகள் கூடை சுமந்தார்கள்? ஆனால் போகிற பிள்ளை வாயில் சொல் இருந்து மனத்தில் பொருள் இல்லாமல் போனால், அடுத்த தலைமுறையில் வாயிலும் அது இருக்காது. இலக்கியம் கற்பிக்கும் நமக்குள்ள கவலை இதுதான்.

8. தேர்வுக்கும் வகுப்புக்கும் சில குறிப்புகள்

மாணவர்களுக்கு:

அ) ஐந்தெழுத்தைத் திருமூலர்தான் உருவாக்கினார் என்று எழுதாதீர்கள். வேதத்தில் உள்ளது, திருமூலர் விளக்கியவர்.

ஆ) ‘நமஷிவாய’ என்று எழுத வேண்டாம். ‘நமசிவாய’ அல்லது ‘நமச்சிவாய’. ஒரு கட்டுரையில் ஒரே வடிவத்தைப் பின்பற்றுங்கள்.

இ) வரலாற்றுச் செய்தியையும் புராணச் செய்தியையும் பிரித்து எழுதுங்கள். ‘கல் மிதந்தது’ என்பதைவிட ‘கல் மிதந்ததாகப் பெரியபுராணம் கூறுகிறது’ என்பது பொறுப்பான நடை.

ஈ) வாட்ஸ்அப்பில் வரும் ‘இந்த மந்திரத்தின் அதிர்வை அறிவியல் நிரூபித்துவிட்டது’ என்ற செய்திகளைக் கட்டுரையில் சேர்க்காதீர்கள். ஐந்தெழுத்தின் பெருமைக்கு அந்த முட்டு தேவையே இல்லை. இலக்கியமும் தத்துவமும் தரும் சான்றே போதும்.

ஆசிரியர்களுக்கு:

நம் வகுப்பில் கிறிஸ்துவப் பிள்ளைகள் இருப்பார்கள். வைணவக் குடும்பத்துப் பிள்ளைகளும், கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும் இருக்கலாம். பக்திப் பாடலைக் கற்பிப்பது வேறு, பக்தியைக் கட்டாயப்படுத்துவது வேறு. ‘நம்பு’ என்று சொல்ல வேண்டாம். ‘இவர்கள் இப்படி நம்பினார்கள், இப்படிப் பாடினார்கள்’ என்று சொன்னால் எல்லாப் பிள்ளைகளும் காது கொடுப்பார்கள். அவரவர் வீட்டில் பெரியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு சொல்லை, அது எந்தச் சமயத்துச் சொல்லானாலும் சரி, கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். மிக நல்ல உரைகள் வரும்.

பயிற்சி வினாக்கள்:

1. திருவைந்தெழுத்து, பஞ்சாட்சரம்: பிரித்து எழுதிப் புணர்ச்சி விதி கூறுக.
2. திருஞானசம்பந்தரின் இரு பதிகங்களும் பாடப்பட்ட சூழலை வேறுபடுத்திக் காட்டுக.
3. நமசிவாய, சிவாயநம: எழுத்து வரிசை மாற்றம் உணர்த்தும் தத்துவத்தை விளக்குக.
4. ஆனாய நாயனார், உருத்திர பசுபதி நாயனார் வரலாறுகள் வழி ஐந்தெழுத்து வழிபாட்டின் பொதுமையை நிறுவுக.

9. அந்தக் கேள்விக்குப் பதில்

அடுத்த வாரம் அந்த மாணவியிடம் சுந்தரரின் கொடுமுடிப் பதிகத்தைப் பற்றிச் சொன்னேன். அதில் சுந்தரர் இறைவனைப் பார்த்து, நான் உன்னை மறந்துபோனாலும் என் நாக்கு உன் ஐந்தெழுத்தைச் சொல்லும் என்கிறார். மனம் மறக்கக்கூடும் என்று சுந்தரருக்கே தெரிந்திருக்கிறது. அதனால்தான் நாவைப் பழக்கி வைத்தார். பழகிய நா, மனம் கைவிட்ட பிறகும் கூடவே வரும்.

“உங்க பாட்டி நாற்பது வருஷம் பழக்கினது அம்மா அது” என்றேன். “குளிர்ல, மழையில, அட்டைக்கடியில கூடையோட ஏறி இறங்கினப்பவெல்லாம் சொன்னது. அவங்களுக்கு இலக்கணம் தெரியாம இருக்கலாம். ‘என்னைவிடப் பெரிய நன்மை ஒண்ணு இருக்கு, அதுக்குத் தலை வணங்கறேன்’ங்கிறது தெரிஞ்சிருக்கு. நேர்ப்பொருளே அதுதானே?”

தொல்காப்பியரும் வள்ளுவரும் மந்திரத்தின் மதிப்பைச் சொன்னவரின் வாழ்க்கையோடு சேர்த்துப் பேசினார்கள் என்று முதலில் பார்த்தோம் அல்லவா? அந்தப் பாட்டி நிறைமொழி மாந்தர் வரிசையில் வருவாரா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் அவர் சொல்லுக்குப் பின்னால் ஒரு முழு வாழ்க்கை இருந்தது. அதற்கு மதிப்பு உண்டு.

அப்படியானால் பொருள் படிக்கத் தேவையில்லையா என்று அவள் விடாமல் கேட்டாள். தேவைதான். பாட்டிக்கு வாழ்க்கை பொருளைக் கொடுத்தது. நமக்கு அந்த வாழ்க்கை இல்லை, படிப்பு இருக்கிறது. நாம் படித்துத்தான் அந்த இடத்துக்குப் போக வேண்டும்.

அன்று மாலை அவள் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து ஐந்தெழுத்துக்கும் பொருளை ஒவ்வொன்றாகச் சொன்னாளாம். பாட்டிக்குப் புரிந்ததா தெரியவில்லை. ‘ய’ன்னா உயிர் என்று சொன்னபோது மட்டும் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டாராம்.

உங்கள் வகுப்பிலும் இப்படி ஒரு கேள்வி வரும். வந்தால், “அடுத்த வாரம் சொல்றேன்” என்று சொல்லிவிட்டுப் படித்துவிட்டு வாருங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.